மூன்று மாதப் பாலிசி

பானட் திறக்க மாட்டேன் என்றது. குணசீலன் ஹெல்மெட்டைக் கழற்றிக் காரின் மேற்கூரையில் வைத்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் விளிம்பில் கொடுத்து நெம்பிப் பார்த்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளுக்கென்று ஒரு சிரிப்பு இருக்கிறது. நெம்பும்போதும் அது அவன் முகத்தை விட்டுப் போகவில்லை. "உள்ள ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு பிடி இருக்கும் பாருங்க மேடம், அத இழுத்துப் பிடிச்சிக்கோங்க" என்றான். ஹெப்சிபா டிரைவர் சீட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துக் கையால் துழாவினாள். தூசி, எலிப் புழுக்கை, ஏதோ ஒரு மூடி, மறுபடி தூசி. போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, "பிடி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல. இவ ஃபாரின்ல கார் ஓட்டுதாளாம். ஓட்டுதாளா, இறங்கித் தள்ளுதாளான்னு யாரு கண்டா" என்றார். குணசீலன் அதற்கும் சிரித்தான். இரண்டு பக்கமும் சிரித்துக்கொடுப்பது அவன் தொழில். அப்பாவுக்கு உடம்பு பாதியாகிவிட்டது, சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடுகிறது, குரல் மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது என்று அவள் நினைத்தாள். குரல்தான் கடைசியில் போகும் போல. போகட்டும். கைக்குப் பிடி அகப்பட்டது. இழுத்தாள். எங்கோ உள்ளே 'டக்' என்று ஒன்று விட்டது. "வந்துட்டு மேடம், வந்துட்டு" என்றான் குணசீலன். அவள் சீட்டிலிருந்து வெளியே வரும்போது அப்பாவைப் பார்த்தாள். இவரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். இன்றைக்கே, இவன் போவதற்குள், இவன் முன்னாலேயே. சொல்ல வேண்டிய வாக்கியம்கூட நீளமானதில்லை. மூன்று மாதத்துக்குப் போட்டால் போதும். அவ்வளவுதான். மிச்சத்தை அவர் புரிந்துகொள்வார். முப்பது வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவன் முகத்தைக் கதவருகே நின்றே கண்டுபிடித்துவிடுவார் என்று டிப்போவில் பேர் வாங்கியவர்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். வராந்தாவில் யாரோ சாம்பார் வாளியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அந்த வாசனையோடுதான் அவளுக்கு அந்த வார்த்தை ஞாபகத்தில் இருக்கிறது. கணையப் புற்று. மூன்று மாதம்மா, கூட்டியும் சொல்லலை, குறைச்சும் சொல்லலை. உள்ளே கட்டிலில் இருந்தவரிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லியிருந்தார்கள். கல்லென்றால் கரைக்கலாம், எடுக்கலாம், கேட்கிறவர்களுக்கு விளக்கலாம். கல் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தார். மூன்று மாதம் என்று கேட்டதும் தனக்குள் முதலில் வந்தது என்ன என்று ஹெப்சிபா அன்றிலிருந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. என் லீவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறதே, அப்படியானால் அதற்கு மறுபடியும் ஒரு முறை வர வேண்டியிருக்குமே என்றுதான் வந்தது. அதற்கு. சாவுக்கு என்றுகூட மனசு சொல்லவில்லை, அதற்கு என்றது, பல் டாக்டரிடம் மறுபடி போக வேண்டியிருப்பதைச் சொல்வதுபோல. அதன் பிறகுதான், ஆஸ்பத்திரிக்கு வெளியே வாடகைக் காருக்காக நின்றுகொண்டிருந்தபோது, இரண்டாவது நினைப்பு வந்தது. இவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக. அந்த நினைப்பு வாயில் போட்ட கற்கண்டுபோல் கரையாமல் கிடந்தது. வாடகைக் கார் வந்தது. அப்பா அந்த டிரைவரோடும் சண்டை போட்டார்: ஏன் இந்த வழியாகப் போகிறாய், யாரை ஏமாற்றுகிறாய், இறங்கும் இடம் எனக்குத் தெரியாதா. அதற்கு முந்தின வாரம் வந்தவன் இவர்கள் இரண்டு பேரையும் பாதி வழியில் வெயிலில் இறக்கிவிட்டுப் போயேவிட்டான். இனிமேல் வாடகை வண்டியில் ஏற மாட்டேன், நம்ம வண்டியை எடு என்றார் அப்பா. நம்ம வண்டிக்கு இன்சூரன்ஸ் விட்டுப் போய் வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்படித்தான் குணசீலன் வந்தான்.

"விட்டுப்போன பாலிசி பாத்தீங்களா சார், அதான் ஆளு நேர்ல வந்து பாக்கணும்ங்காங்க" என்று விளக்கிக்கொண்டே அவன் காரைச் சுற்றி வந்து செல்போனில் படம் எடுத்தான். "ஏற்கெனவே உள்ள அடி எல்லாத்தையும் இப்பமே படத்துல ஏத்திருவேன். நாளைக்கு நீங்க அதுக்குக் கிளெய்ம் கேக்க முடியாது. பழைய அடிக்குக் கம்பெனி பொறுப்பில்ல, பாத்துக்கோங்க." பழைய அடிக்கு யாரும் பொறுப்பில்லை. ஹெப்சிபாவின் மனசு அதில் முள்ளில் துணி மாட்டியதுபோல் மாட்டிக்கொண்டது. பின் பம்பரில் ஒரு ஒடுக்கு, அது கேட்டில் இடித்தது. இடது கதவில் நீளமாக ஒரு கீறல், அது அவளுக்குத் தெரியாது, அவள் இல்லாத வருஷங்களில் விழுந்தது. "இது என்ன சார், எங்கன உரசுச்சு?" என்று குணசீலன் கேட்டான். "அது அவ அம்மைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னைக்கு" என்றார் அப்பா. குணசீலன் அதையும் ஒரு படம் எடுத்தான். அம்மா அந்தக் கதவுக்கு உள்பக்கம் படுத்திருந்திருப்பாள். இவர் ஓட்டியிருப்பார். அவசரத்தில் உரசியிருப்பார். இவருக்கும் அவசரம் என்று ஒன்று வந்திருக்கிறது. இல்லை, இதற்குள் போகக் கூடாது, இந்தப் பக்கம் போனால் இளகிவிடும். இளகக் கூடாது என்பதற்காகவே அவள் பஸ்ஸை நினைத்தாள். வேண்டும்போது நினைப்பதற்கென்றே அதை வைத்திருந்தாள். கல்லூரி இரண்டாம் வருஷம், காலைப் பஸ், நிற்க இடமில்லை. பாஸை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது வண்ணார்பேட்டை நெருங்கும்போதுதான் தெரிந்தது. அங்கே ஏறியது அப்பா. முதலில் நிம்மதியாக இருந்தது, அதுதான் அதில் அசிங்கம். அப்பாதானே என்று ஒரு சிரிப்புகூட வந்தது. அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்று, "பாஸ்" என்றார். "வீட்டுல இருக்குப்பா." "வீட்டுல இருக்குத பாஸுக்கு வீட்டுலதான் உக்காரணும்." அபராதச் சீட்டு எழுதினார். தன் சட்டைப் பையிலிருந்தே பணத்தை எடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்தார். பிறகு விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அவளை இறக்கிவிட்டார். அவளோடு படிக்கிற பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அது பரவாயில்லை. பஸ் கிளம்பும்போது உள்ளே ஒரு பெரியவர், "மகளா? மகளுக்கே அபராதமா? மனுசன்னா இவருல்லா மனுசன்" என்றாரே, அதுதான். நாலு நாளில் ஊர் பூராவும் அந்தக் கதை ஓடியது. கதையில் அப்பாவுக்குப் பேர் இருந்தது, பதவி இருந்தது. அவள் வெறும் மகள், பஸ்ஸிலிருந்து இறங்குவதற்காக மட்டும் வருகிறவள். இப்போது இவன் முன்னால் சொன்னால் அது ஒரு பஸ் நிறையப் பேர் முன்னால் சொன்ன மாதிரி ஆகாது. ஒரே ஒரு ஏஜெண்ட்தான் இருக்கிறான். ஆனாலும் ஒரு ஆளாவது இருக்க வேண்டும்.

குணசீலன் பானட்டுக்குள் தலையை விட்டுக் கந்தல் துணியால் எதையோ அழுத்தித் துடைத்தான். சேசிஸ் நம்பர் உள்ளே தகட்டில் கொத்தியிருக்கிறது, அதைப் பென்சிலால் உரசிப் படியெடுக்க வேண்டும் என்றான். வெள்ளைத்தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கத் தேய்க்க, எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் வெளுப்பாக எழும்பின. அவளுக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. சொல்லாமல் உள்ளே கிடப்பது தேய்த்தால் வந்துவிடுகிறது. அப்பாவுக்கும் இப்படித் தேய்த்துப் பார்த்தால் என்ன வரும்? எத்தன நாளைக்கு என்றுதான் வரும். தூத்துக்குடி விமான நிலையத்தில் அவள் வெளியே வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். எப்படி இருக்க கிடையாது, சாப்பிட்டியா கிடையாது. எத்தன நாளைக்கு வந்திருக்க? எங்கே ஏறினாய், எங்கே இறங்க வேண்டும் என்று பஸ்ஸில் கேட்கிற அதே முகம். அம்மா இறந்து அவள் வந்தபோது, வீட்டு வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, அன்றைக்கும் கேட்டார். ஒரு வாரம் என்றாள். "ஒரு வாரம்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, பந்தல்காரனிடம் பேசப் போய்விட்டார். அந்த ஒரு வாரத்தில் அவளோடு அவர் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டை நிரம்பாது. கடைசி நாள் மட்டும் கேட்டார், பிளைட் எத்தனை மணிக்கு என்று. போகிறதை உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்று நினைத்தாள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறாள். வேறென்ன நினைக்க முடியும்? இந்த முறையும் கேட்டார். இவளும் தேதி எதுவும் சொல்லாமல் "பாப்போம்" என்றாள். பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அவர் முகம் இரண்டு நாள் அலைந்தது. அதில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது.

"மேடம் எந்த ஊரு அங்க?" என்று பானட்டுக்குள்ளிருந்து குணசீலன் கேட்டான். "நியூசிலாந்து. ஹாமில்டன்." "அங்க எல்லாம் ரோடு கண்ணாடி மாதிரி இருக்குமே. இங்க ஓட்டிருவீங்களா? மாடு குறுக்க வரும், நாயி குறுக்க வரும், கட்சிக்காரன் குறுக்க வருவான்." அப்பா மூக்கால் ஒரு சத்தம் விட்டார். அங்கே போன புதிதில், கார் வாங்கி இன்சூரன்ஸுக்குப் போன் செய்தபோது, அந்தப் பக்கம் பேசிய பெண் மிக இனிமையாகச் சொன்னாள், உங்கள் ஊரில் ஓட்டிய வருஷங்களை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்று. சரி என்றாள் ஹெப்சிபா. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. புருஷன் ஜெபகரனுக்கும் அப்படித்தான் சொன்னாள். அவன் சமையலறையில் நின்றுகொண்டு, நமக்குள் ஒத்துவரவில்லை, நான் வேறு வீடு பார்த்துவிட்டேன் என்றபோது அவள் சரி என்றாள், அடுப்பை அணைத்தாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்குப் போன் செய்யத் தோன்றியது இந்த மனுஷனுக்குத்தான். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஊரெல்லாம் விட்டுவிட்டு இவருக்கு. நான் வந்துரட்டுமாப்பா என்றாள். அப்பாவுக்குப் பின்னால் சர்ச்சில் மைக் செட் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. "இங்க வந்து என்ன செய்வ? வாரவன் போறவனுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கிட்டு இருக்கணுமா? அங்கயே இரு" என்றார். அவள் சரி என்றாள். அங்கேயே இருந்தாள். இப்போது அங்கே ஓட்டிய வருஷங்கள் இங்கே கணக்கில் வருமா என்று இந்தக் குணசீலனிடம் கேட்டால் இவனும் இனிமையாகத்தான் சொல்வான். ஆக எந்த வருஷமும் எங்கேயும் கணக்கில் இல்லை. அப்படியென்றால் இவருக்கு மட்டும் எதற்கு ஒரு முழு வருஷம்? ஒரு வருஷப் பாலிசி என்று பொய்யாக ஒன்றை எழுதி இவர் கையில் கொடுத்து, இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை வரிக்கு வரி படித்து, அடுத்த வருஷம் புதுப்பிக்க மறக்கக் கூடாது என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா? அந்தக் கருணைக்கு இவர் என்ன செய்திருக்கிறார்? அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்று மாதம் போதும். இது கொஞ்சம் அவசரமாக இருக்கிறது. மூணு மாசம் போதும்ப்பா. அப்பா என்று சேர்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடுகிறது. அவரைப் பார்க்காமல் ஏஜெண்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பாஸ் என்று அவர் கேட்டது போல, எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேட்டாரே அதுபோல. சொன்ன பிறகு அவரைப் பார்க்க வேண்டும். அந்த முகம் தனக்குள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பதை, டாக்டர் அவளை மட்டும் வெளியே கூப்பிட்டது, கல்லுக்கு இத்தனை ஊசியா என்பது, சட்டை தொளதொளவென்று ஆனது, எல்லாவற்றையும் கூட்டி அந்த இடத்துக்கு வந்து நிற்பதை நின்று பார்க்க வேண்டும்.

அப்பா தண்ணீர் கேட்டார். உள்ளே போய்க் கொண்டுவந்தாள். தம்ளரைப் பிடிக்க விரல்கள் சரியாக மடியவில்லை, அவள் கைக்கு மேலேயே அவர் கை வந்து உட்கார்ந்தது. தோல் எண்ணெய் தடவிய காகிதம்போல் இருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிப் பழைய பியானோக் கட்டைபோல் ஆகியிருந்தது. வாயிலிருந்து ஒரு வாடை வந்தது, இனிப்பும் துருவும் கலந்த வாடை. அது மருந்து வாடை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு வேளை இவருக்கும் தெரியுமோ என்று திடுக்கென்று பயம் வந்தது. முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவர், தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்க மாட்டாரா? தெரிந்திருந்தால் அவள் வைத்திருக்கும் கத்திக்கு முனை கிடையாது. தெரிந்தும் கல், கல் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ? இல்லை. நேற்றுகூட, கல்லை எடுத்ததும் பல்செட்டை மாற்ற வேண்டும் என்றார். சாகப்போகிறவனுக்கு எதற்குப் பல்? தெரியாது இவருக்கு. நல்ல வேளை, தெரியாது. அவள் கையை உருவிக்கொண்டாள். கொஞ்சம் தண்ணீர் அவர் வேட்டியில் சிந்தியது. "பாத்துக் குடுக்க மாட்டியாட்டி" என்றார். அவ்வளவுதான், அந்த ஒரு சொல்லில் அவளுக்குத் தைரியம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. நன்றி என்றுகூடச் சொல்லலாம் போல இருந்தது.

குணசீலன் பானட்டை அடித்துச் சாத்தினான். கையைத் துடைத்துக்கொண்டு போர்ட்டிகோ படியில் உட்கார்ந்து போனைத் தட்டினான். "எல்லாம் ஓகே சார். வண்டி வயசுக்கு நல்லா இருக்கு, நம்மள மாதிரி. எத்தன மாசத்துக்குப் போட? வருஷத்துக்குப் போட்டா எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஆனா வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வாரவங்க கொறஞ்ச காலத்துக்குத்தான் கேக்காங்க. மூணு மாசத்துக்கும் இருக்கு." அவர்கள் வருகிறார்கள், போகிறார்கள், இவனுக்கு என்ன என்று அவள் நினைத்தாள்; அவன் சொன்னதில் அவள் காதில் நின்றது கடைசி வாக்கியம் மட்டும்தான். மூணு மாசத்துக்கும் இருக்கு. இவனே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒரு வருஷம் என்றுதான் சொல்லப் போகிறார். அவர் சொல்லிவிட்டால் இவள் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கும், அது வேறு மாதிரி ஆகிவிடும். தெருவில் ஒரு மீன்காரர் சைக்கிள் ஹாரனை அமுக்கிக்கொண்டு போனார். இப்போது விட்டால் எப்போதும் இல்லை. எப்போதும் சரி என்று சொன்னவள். "மூணு மாசம் போதும்" என்றாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. ஏஜெண்டைப் பார்த்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. தம்ளர் மடியில் சாய்ந்தது, அவர் கவனிக்கவில்லை. அந்தப் பழைய பார்வை, கதவருகே நின்று முகம் முகமாகப் போகிற பார்வை, அவள் முகத்தில் வந்து நின்றது. நெற்றியில், கண்ணில், வாயில். அவள் அசையவில்லை. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். உள்ளே ஒன்று ஓடிவிடு என்றது, இன்னொன்று நில் என்றது. "மூணு மாசமா?" என்றார். "ஆமா." "யோசிச்சுத்தான் சொல்லுதியா?" "யோசிச்சுத்தான் சொல்லுதேன்." அவர் முகத்தில் என்னவோ நடந்தது. அவள் காத்திருந்த இடத்தில், காத்திருந்த நேரத்தில்தான் நடந்தது. ஆனால் சரிவதற்குப் பதிலாக அது மேலே ஏறியது. கன்னத்துத் தோல் சுருங்கி மடிந்து, பல்செட் நகர்ந்து, அவர் சிரித்தார். "கேட்டீராவே?" என்று குணசீலனைப் பார்த்தார். "அவ அம்மை செத்ததுக்கே ஒரு வாரந்தான் இருந்தா. நானும் வந்ததுல இருந்து கேக்கேன், பாப்போம் பாப்போம்னா. இப்பம் மூணு மாசம் இருக்கப் போறாளாம்." "நல்ல விஷயம் சார். மகளுக்கு அப்பா மேல பாசம்." "பாசமாவது ஒண்ணாவது. வண்டி ஓட்டிப் பாக்க ஆசையா இருக்கும்." சிரிப்பு இருமலானது. இருமிக்கொண்டே கையை ஆட்டி, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று காட்டினார். இருமல் நின்றதும், "உன் வேலைய என்ன செய்வ? விடுவானா அங்க?" என்று அவளிடம் கேட்டார், கேட்டுவிட்டு, பதில் வந்துவிடுமோ என்று பயந்தவர்போல் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கைப்பையில் கிடந்த போனுக்குள் இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் இருந்தது, ஜன்னல் சீட். அதை இப்போது சொல்லலாம். முதலில் சொன்னதைவிட இது இன்னும் ஆழமாக இறங்கும். அவரே சட்டைப் பித்தான்களைக் கழற்றி நெஞ்சைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஹெப்சிபா வாயைத் திறந்தாள். சரி என்ற அந்தப் பழைய வார்த்தைகூட வரவில்லை. குணசீலன் போனில் எதையோ நிரப்பிக்கொண்டே, "அப்பம் இன்னைக்கு மத்தியானத்துல இருந்து போட்டுருதேன் சார்" என்றான். அப்பா அவசரமாக நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். "இன்னைக்கு வேண்டாம்வே. இன்னைக்குத்தான் பாதி போயிட்டே. நாளைக்குக் காலையில இருந்து போடும். மூணு மாசமும் முழுசா வரணும்."